பூஜ்யம் பூஜ்யம் ஒன்று

செக்காலை ரோட்டில் எங்கள் மெஸ்.
தெருவின் பேரிலேயே செக்கு இருக்கிறது.
என் ரத்தத்திலும் அது சுற்றுவதாக
ஆய்வுக்கூடத்துக் காகிதம் சொன்னது:
இருநூற்று எழுபத்தெட்டு.
கல்யாண ஆர்டரில் இத்தனை இலை என்றால்
சந்தோஷப்பட்டிருப்பேன்.
'உனக்குக் கொழுப்பு' என்று
என் பெண்டாட்டி சும்மாவே சொல்லிக்கொண்டிருந்ததற்கு
இவர்கள் நானூற்றைம்பது ரூபாய் வாங்கினார்கள்.

டாக்டர் ஏகப்பன் சீட்டில் எழுதியது
0-0-1.
காலையில் இல்லை, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று.
மருந்துக்கடை சவரி
உறைமேல் நீலப் பேனாவால் ஒரு பிறை வரைந்து
கீழே 'சா. பின்' என்று சுருக்கினான்.
'சா' தனியாக நின்றபோது
கொஞ்சம் திக்கென்றது.
"சாப்பாட்டுக்குப் பின்னாலண்ணே" என்றான்.

எந்தச் சாப்பாட்டுக்கு?

நாலரைக்கு இடித்த மிளகு
தும்மலாய் உள்ளே போயிருக்கும்.
ஏழு மணிக்குத் தலைக்கறிக் குழம்பு,
உள்ளங்கையில் ஒரு சொட்டு, உப்புப் பார்க்க.
பதினொன்றுக்கு நண்டு ரசம், அதுவும் சொட்டுதான்.
ஒரு மணிக்குச் சுக்காவில் முறுகிய ஒரு துணுக்கு,
வெந்ததா என்று.
இருபத்தாறு வருஷம்
உள்ளங்கையிலேயே சாப்பிட்டவன் நான்.
என் கல்யாணத்தன்றுகூட
பாயசம் வருவதற்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டார்கள்,
பதம் பார்த்துச் சொல்ல.
நக்கினதையெல்லாம் கூட்டினால்
ஒரு சாப்பாடு தேறுமா என்று கேட்டேன்.
சவரி அதற்குள்
வேறு யாருக்கோ இருமல் மருந்து எடுக்கப் போய்விட்டான்.

பள்ளிக்கூடத்தில் மாத்திரை என்றால்
கண்ணிமைக்கிற நேரம்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை.
அடுப்பைத் தணித்துவிட்டு விரல்விட்டு எண்ணினேன்.
சா இரண்டு, ப் அரை, பா இரண்டு,
கடைசி டு வாய்க்குள்ளேயே குறுகிவிடும்,
அதற்கும் அரைதான்.
ஆக ஐந்து.
அந்த ஐந்து மாத்திரை நேரம்கூட
நான் உட்கார்ந்ததில்லை.

முதல் வாரம் நின்றபடியே.
ஷட்டர் இறங்கிய பிறகு
குண்டானில் ஒட்டியதைச் சுரண்டி ரெண்டு கவளம்,
ரசத்தோடு ஒரு விழுங்கு.
போட்டேனா இல்லையா என்று தெரியாமல்
வெள்ளி அட்டையில் ஓட்டைகளைத் தடவிப் பார்ப்பேன்.
திங்கள் பொத்தல். செவ்வாய் மூடிக் கிடக்கும்.

ஞாயிறு ராத்திரி டாக்டர் குடும்பத்தோடு வந்தார்.
நல்லி எலும்பைத் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சினார்.
பரிமாறுகிற ஜன்னல் வழியாக நான் பார்த்தேன்,
அவரும் பார்த்தார்.
அடுத்த கரண்டி குழம்பை
மெல்லிய குரலில்தான் கேட்டார்.
கைகழுவும் இடத்தில்
சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார்.
அதே கம்பெனி, அதே ரோஸ்.
கண்ணாடிக்குள் என்னைக் கண்டதும்
விழுங்கிவிட்டுக் கேட்டார்:
"நீங்க சாப்பிட்டாச்சா?"
அது நான் கேட்கிற கேள்வி.
எனக்குப் பதில் வரவில்லை.

பாத்திரம் தேய்க்கிற பொன்னழகி
எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.
"மாத்திரை போடணும்னா மொதல்ல இலை போடணும்"
என்று ஆறாம் நம்பர் மேசையைத் துடைத்தாள்,
நுனியை இடப்பக்கம் வைத்து விரித்தாள்,
தண்ணீர் தெளித்தாள்.
சோறு நம்முடையது.
வெண்டைக்காய் மண்டி அவளுடையது,
தூக்குவாளியில் வீட்டிலிருந்து வந்தது,
மேலே எண்ணெய் மிதக்கவில்லை.
கரண்டி வந்ததும் கையை நீட்டினேன், பழக்கம்.
"இலையில வாங்குங்க" என்றாள்.

மண்டியில் உப்பு ஒரு கல் குறைச்சல்.
சொல்லவில்லை.
இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.
அவளும் எதிரே ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்,
அவளுக்குச் சர்க்கரை, 1-0-1.
மின்விசிறி, தெருவில் கடைசி பஸ்,
அவள் மகன் வாங்கப்போகிற வண்டி, அதன் தவணை.

இலையை மடித்து எழுந்து
விளக்கை அணைக்கப் போனபோது
அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.
மாத்திரை பைக்குள்ளேயே இருந்தது.